கவலைப்பட்டால் புற்றுநோய் வருமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பினாங்கில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறேன். செல்லுக்குள் இருக்கும் டி.என்.ஏ. எப்படிச் சேதமாகிறது, எப்படிச் சரியாகிறது என்று பார்ப்பது என் தொழில். வைத்தியம் பார்க்கும் டாக்டர் இல்லை. மருந்து எழுதிக் கொடுக்க எனக்கு உரிமை கிடையாது. ஆனாலும் கோயில் மண்டபத்தில் பேசக் கூப்பிட்டாலும் சரி, கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும் சரி, "இந்தப் பிள்ளைதான் புற்றுநோய் ஆராய்ச்சி செய்கிறது" என்று யாராவது கை காட்டினால் போதும், கேள்விகள் வந்துவிடும். திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை எழுதி வைத்துவிட்டால் அடுத்த கல்யாணத்திலாவது ரசம் ஆறுவதற்குள் சாப்பிடலாம் என்று ஓர் ஆசை.

"அம்மா எல்லாவற்றையும் மனசுக்குள்ளேயே போட்டுப் புழுங்கினார், அதனால்தான் புற்றுநோய் வந்தது" என்கிறார்கள். உண்மையா?

இந்த ஒரு கேள்விக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். அதனால் இதை முதலில் வைக்கிறேன்.

என் பெரியம்மா பட்டர்வர்த்தில் இருந்தார். மார்பகப் புற்றுநோயில் போய்ச் சேர்ந்தார். பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த உறவுக்காரர் ஒருவர், தே ஓ (பால் இல்லாத தேநீர்) கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு, "மூத்தவள் சொல்லாமல் கொள்ளாமல் கல்யாணம் செய்துகொண்டாளே, அந்தக் கவலைதான் அவளை அரித்துவிட்டது" என்றார். பெரியம்மாவின் மூத்த மகள் அடுப்படியில் வடை தட்டிக்கொண்டிருந்தாள். அவள் காதில் விழுந்தது. பல வருஷம் கழித்து என்னிடம், "நீ படித்தவள், உண்மையைச் சொல். என்னாலா?" என்று கேட்டாள்.

இல்லை. ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, எண்கள் அப்படித்தான் இருக்கின்றன. 2013-இல் ஐரோப்பாவில் 12 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். மொத்தம் 1,16,056 பேர். வேலையில் எவ்வளவு நெருக்கடி என்று முதலிலேயே கேட்டுக் குறித்து வைத்துக்கொண்டு, சராசரியாக 12 ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். 5,765 பேருக்குப் புற்றுநோய் வந்தது. குடல், நுரையீரல், மார்பகம், புரோஸ்டேட் என்று நான்கையும் தனித்தனியாகப் பார்த்தும், நெருக்கடி அதிகம் என்றவர்களுக்கு நோய் அதிகமாக வரவில்லை. 2016-இல் பிரிட்டனில் 1,06,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் மன உளைச்சலையும், விவாகரத்து, நெருங்கியவர் மரணம் போன்ற இடிகளையும் கேட்டுப் பார்த்த ஆய்விலும் மார்பகப் புற்றுநோயோடு தொடர்பு தெரியவில்லை.

வேறு மாதிரி சொல்லும் ஆய்வுகளும் உண்டு, மறைக்கவில்லை. அவற்றில் பல, நோய் வந்த பிறகு நோயாளியிடம் போய் "முன்பு கவலை இருந்ததா?" என்று கேட்டவை. படுக்கையில் இருப்பவரிடம் அப்படிக் கேட்டால், இல்லாத கவலையும் நினைவுக்கு வரும். கவலை இல்லாத வீடு எந்த ஊரில் இருக்கிறது?

சரி, நீங்களே 'ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்' புற்றுநோய்க்குக் காரணம் என்று பேசினீர்களே. அதுவும் ஸ்ட்ரெஸ்தானே?

பெயர்தான் ஒன்று, பொருள் வேறு. மாமியாரால் வருவது ஒன்று, செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவால் வருவது இன்னொன்று. 'ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்' என்ற பெயர் ஹெல்முட் சீஸ் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி 1985-இல் வைத்தது. மனசுக்கும் அந்தப் பெயருக்கும் சம்பந்தமே கிடையாது. தமிழில் இரண்டையும் 'அழுத்தம்' என்று மொழிபெயர்த்து, கூடவே ரத்த அழுத்தத்தையும் சேர்த்துக்கொண்டோம். குழப்பம் வராமல் என்ன செய்யும்? நான் இங்கே மனசு சம்பந்தப்பட்டதை மன உளைச்சல் என்றும், மற்றதை ஆக்சிஜன் சேதம் என்றும் எழுதுகிறேன்.

ஆக்சிஜன் சேதத்தைப் புரிந்துகொள்ள அடுப்படிக்குப் போனால் போதும். நல்லெண்ணெய் பாட்டிலை மூடாமல் மறந்து வைத்தால் நாளடைவில் காறல் வாடை அடிக்கும். ஆக்சிஜன் எண்ணெயின் கொழுப்பைத் தாக்குகிறது, தாக்கப்பட்ட மூலக்கூறு பக்கத்தில் இருப்பதைத் தாக்குகிறது, அது அடுத்ததை. சங்கிலி மாதிரி போய்க்கொண்டே இருக்கும். நம் செல்களைச் சுற்றியிருக்கும் சவ்வும் கொழுப்பால் ஆனதுதான். அங்கேயும் இதே ரசாயனம்தான் நடக்கிறது. இந்தத் தாக்குதலை நடத்தும் மூலக்கூறுகளில் பலவற்றை ஃப்ரீ ராடிக்கல் என்கிறோம். எலக்ட்ரான் ஒன்று ஜோடியில்லாமல் தனியாக நிற்கும். பக்கத்தில் இருப்பவரிடமிருந்து பிடுங்கிக்கொண்டால்தான் அதற்கு நிம்மதி.

இவை வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை. மூச்சு விடுகிறோம், சாப்பிட்டதை எரித்துச் சக்தி எடுக்கிறோம், அதில் ஒரு சிறு பங்கு ஆக்சிஜன் இப்படித் திசை மாறிவிடும். கிருமியைக் கொல்ல வெள்ளை அணுக்கள் இவற்றை வேண்டுமென்றே தயாரிக்கின்றன. உடம்பிடமும் தற்காப்பு இருக்கிறது. சூப்பர்ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ் என்ற நொதியை 1969-இல் மெக்கார்டும் ஃப்ரிடோவிச்சும் கண்டுபிடித்தார்கள். நம் உடம்பே தயாரிக்கும் தீயணைப்பு வண்டி அது. தாக்குதல் தற்காப்பை மிஞ்சும் நிலைக்குத்தான் அந்த ஜெர்மானியர் பெயர் வைத்தார்.

இதனால் புற்றுநோய் வரும் என்பதற்கு என்ன ஆதாரம்?

டி.என்.ஏ. நான்கு எழுத்துகளால் எழுதப்பட்ட புத்தகம் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். அந்த நான்கில் குவானின் என்ற எழுத்துதான் ஆக்சிஜனிடம் சுலபமாக மாட்டிக்கொள்ளும். மாட்டினால் 8-ஆக்சோகுவானின் என்ற உருவத்துக்கு மாறும். ஜப்பானில் காசாயும் நிஷிமுராவும் 1984-இல் இதை அடையாளம் காட்டினார்கள். மாறிய எழுத்து, செல் பிரியும்போது தப்பாகப் படிக்கப்படும். ஜி (குவானின்) இருந்த இடத்தில் டி (தைமின்) வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்த எழுத்துப்பிழை செல் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மரபணுவில் விழுந்தால் அங்கே ஆரம்பிக்கிறது வம்பு.

பிழை திருத்துபவர்களும் உள்ளே இருக்கிறார்கள். ஒரு நாளைக்கு ஒரு மனித செல்லில் சுமார் 10,000 ஆக்சிஜன் அடிகள் விழுகின்றன என்று புரூஸ் ஏம்ஸ் ஒரு கணக்குப் போட்டார். அதில் மிகப் பெரும்பாலானவை அன்றைக்கே வெட்டி எடுக்கப்பட்டுச் சிறுநீரில் போய்விடும்.

எனக்கு மிகவும் உறுதியாகத் தோன்றும் ஆதாரம் ஒரு பரம்பரைக் கோளாறு. இந்தப் பிழையைத் திருத்தும் ஆட்களில் ஒன்று மியூட்-ஒய்-எச் என்ற மரபணு. அம்மா வழி, அப்பா வழி இரண்டு பிரதியும் கெட்டுப் பிறப்பவர்களுக்குப் பெருங்குடலில் ஏராளமான பாலிப் கட்டிகள் வரும், புற்றுநோய் அபாயமும் மிக அதிகம். 2002-இல் இதைக் கண்டுபிடித்தபோது அந்தக் கட்டிகளில் இருந்த எழுத்துப்பிழைகளைப் பார்த்தார்கள். பெரும்பாலும் ஜி இருந்த இடத்தில் டி. திருடனின் கைரேகை மாதிரி. ஆக, ஆக்சிஜன் சேதம் புற்றுநோய்க்கு வழி வகுக்கும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. மனக்கவலை அந்த அளவுக்குச் சேதத்தைக் கூட்டுமா என்பதுதான் கேள்வி.

நீங்கள் ஆய்வுக்கூடத்தில் என்னதான் செய்கிறீர்கள்?

என் அப்பாவும் இதைத்தான் கேட்கிறார்.

பாதி நாள் வால்மீன் பார்க்கிறேன். வானத்தில் இல்லை, மைக்ராஸ்கோப்பில். ரத்த செல்களைக் கடல்பாசி ஜெல்லில், அதாவது நாம் தீபாவளிக்குச் செய்யும் அகர் அகருக்கு ஒன்றுவிட்ட தம்பி, அதில் கலந்து கண்ணாடித் துண்டில் மெல்லியதாகப் பரப்புவோம். செல்லின் மற்றப் பகுதிகளைக் கரைத்துவிட்டால் டி.என்.ஏ. உருண்டை மட்டும் நிற்கும். காரக் கரைசலில் ஊறவைத்து மின்சாரம் பாய்ச்சினால், முழுசாக இருக்கும் டி.என்.ஏ. இடத்தை விட்டு நகராது. அறுந்த துண்டுகள் மட்டும் நேர்மின் முனைப் பக்கம் இழுபட்டுப் போகும். சாயம் போட்டுப் பார்த்தால், சேதமில்லாத செல் நிலா மாதிரி உருண்டையாக இருக்கும். சேதமான செல்லுக்கு வால் முளைத்திருக்கும். வால் எவ்வளவு பிரகாசமோ அவ்வளவு சேதம். ஒரு கண்ணாடித் துண்டில் குறைந்தது ஐம்பது செல்லாவது எண்ண வேண்டும். இருட்டறையில் மணிக்கணக்காக எண்ணிவிட்டு வெளியே வந்தால் பினாங்கு வெயில் கண்ணைக் கூசும்.

இன்னொரு சோதனை காறல் எண்ணெயின் கதையேதான். கொழுப்பு சிதைந்தால் மேலோன்டயால்டிஹைடு என்ற பொருள் வரும். அதோடு ஒரு ரசாயனத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் ரோஸ் நிறம் வரும், பண்டோங் என்ற ரோஸ் பால் மாதிரி. நிறம் அழுத்தமாக இருந்தால் சேதம் அதிகம். அழகான சோதனை, ஆனால் வேறு பொருள்களும் அதே நிறத்தைக் கொடுக்கும் என்பதால் அதை மட்டும் நம்பக்கூடாது.

அப்படியானால் மன உளைச்சல் டி.என்.ஏ.வைத் தொடுமா, தொடாதா?

தொடும் என்று காட்டும் ஆய்வுகள் இருக்கின்றன. அதனால்தான் எனக்கு இந்த வேலையில் சுவாரசியம்.

பயமோ கோபமோ வந்தால் அட்ரினலின் சுரக்கும். நெஞ்சு படபடக்கும். கொஞ்ச நேரத்தில் கார்ட்டிசால் ஏறும். நாய் துரத்தும்போது இரண்டும் தேவை. நாய் போன பிறகும் மாதக்கணக்கில் இறங்காமல் இருந்தால்தான் சிக்கல். 2011-இல் அமெரிக்காவில் ராபர்ட் லெஃப்கோவிட்ஸின் குழு, எலிகளுக்கு நான்கு வாரம் அட்ரினலின் போன்ற மருந்தை விடாமல் ஏற்றியது. பி53 என்ற புரதம் குறைந்தது, டி.என்.ஏ. சேதம் கூடியது. பி53 என்பது சேதமான செல்லைப் பிரியவிடாமல் தடுக்கும் காவல்காரர். லெஃப்கோவிட்ஸ் மறு ஆண்டு நோபல் பரிசு வாங்கினார். அந்தப் பரிசு அட்ரினலினைப் போன்றவற்றைச் செல்கள் எப்படி உணர்கின்றன என்று கண்டதற்காக, இந்த எலி ஆய்வுக்காக அல்ல. பலர் இதைக் கலந்துவிடுகிறார்கள்.

மனிதர்களிடமும் ஒன்று இருக்கிறது. 2004-இல் எலிசா எப்பலும் எலிசபெத் பிளாக்பர்னும் 58 அம்மாக்களைப் பார்த்தார்கள். அவர்களில் 39 பேரின் பிள்ளைகளுக்கு நாட்பட்ட நோய். மிக அதிக உளைச்சலில் இருப்பதாகச் சொன்ன அம்மாக்களின் ரத்த செல்களில் ஆக்சிஜன் சேதம் அதிகமாக இருந்தது. குரோமோசோமின் நுனியில் இருக்கும் டெலோமியர், ஷூ கயிற்றின் நுனிப் பிளாஸ்டிக் மாதிரி, அதுவும் குட்டையாக இருந்தது. பத்து வயது கூடியவர் போல என்று கணக்கிட்டார்கள். படித்த அன்று எனக்கு அந்த அம்மாக்களின் முகம்தான் மனசில் ஓடியது. ஆனால் 58 பேர்தான். அவர்களுக்குப் புற்றுநோய் வந்தது என்று அந்த ஆய்வு சொல்லவே இல்லை.

எலியில் தெரிவது மனிதரில் ஏன் தெரியவில்லை?

டெக்சாஸில் 2006-இல் நடந்த ஓர் ஆய்வை எடுத்துக்கொள்வோம். எலியைத் தினமும் சில மணி நேரம் அசைய முடியாத கூட்டில் அடைத்து வைத்தார்கள். சினைப்பைப் புற்றுக் கட்டி வேகமாக வளர்ந்தது, அதற்கு ரத்தக் குழாய்கள் அதிகம் முளைத்தன. அந்தக் கட்டியை எலிக்குள் வைத்ததே விஞ்ஞானிகள்தான். கவலை அதைப் புதிதாக உண்டாக்கவில்லை, இருந்ததற்குத் தீனி போட்டது. 'உண்டாக்குவது' வேறு, 'ஏற்கெனவே இருப்பதை வளர்ப்பது' வேறு. இரண்டாவதற்கு ஆதாரம் கூடிக்கொண்டு வருகிறது. நோயாளியின் மன நிலையையும் சிகிச்சையில் கவனிக்க வேண்டும் என்று டாக்டர்கள் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். முதலாவதற்கு மனிதர்களிடம் உறுதியான ஆதாரம் கிடையாது.

அப்புறம், கூட்டில் அடைபட்ட எலியின் உளைச்சலும் வீட்டுக் கடன் கட்டும் மனிதரின் உளைச்சலும் ஒன்றாகாது. எலி கோபத்தில் சிகரெட் பிடிக்காது. தூக்கம் வராமல் நள்ளிரவில் மாமாக் உணவுக் கடைக்குப் போய் ரொட்டி சானாய் சாப்பிடாது. "மாரில் ஏதோ தட்டுப்படுகிறது, இருக்கிற பிரச்சினையில் இது வேறா" என்று ஒரு வருஷம் தள்ளிப்போடாது. மனிதர்களில் கவலை புற்றுநோய்க்குப் போகும் சாலை பெரும்பாலும் இவற்றின் வழியாகத்தான் போகிறது என்பது என் எண்ணம்.

'கவலைதான் புற்றுநோய்க்குக் காரணம்' என்ற பேச்சு பிறகு எங்கிருந்து வந்தது?

பாட்டி காலத்திலிருந்து இருக்கிறது. ஆனால் அதற்குப் பணம் போட்டு வளர்த்தவர்களும் உண்டு. மன உளைச்சல் ஆய்வின் தந்தை என்று போற்றப்படும் ஹான்ஸ் செல்யே, 1936-இல் அந்தத் துறையைத் தொடங்கி வைத்தவர், பின்னாளில் புகையிலை நிறுவனங்களிடம் பணம் பெற்றார். புகைப்பது மன உளைச்சலைச் சமாளிக்க உதவும் என்ற கோணத்தில் பேசினார். நிறுவனங்களின் உள் ஆவணங்கள் நீதிமன்ற வழக்குகளால் வெளியே வந்த பிறகுதான் இந்தக் கதை முழுசாகத் தெரிந்தது. 2011-இல் இரண்டு ஆய்வாளர்கள் விரிவாக எழுதினார்கள். "கேன்சர் சிகரெட்டால் வரவில்லை, உன் டென்ஷனால் வந்தது" என்று சொல்ல முடிந்தால் யாருக்கு லாபம் என்று யோசித்துப் பாருங்கள். என் பெரியம்மா வீட்டில் தே ஓ குடித்த அந்த உறவுக்காரருக்கு இதெல்லாம் தெரியாது, பாவம்.

என் கணவர் டென்ஷன் குறையத்தான் சிகரெட் பிடிக்கிறார். அதை நிறுத்தினால் டென்ஷன் கூடாதா?

முதல் சில வாரம் கூடும். அது நிகோடின் கேட்டு உடம்பு செய்யும் ரகளை. ஒரு சிகரெட் பிடித்ததும் அது அடங்குவதால், சிகரெட்தான் டென்ஷனைக் குறைத்தது என்று தோன்றுகிறது. 2014-இல் 26 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், விட்டவர்களுக்குப் பதற்றமும் உளைச்சலும் குறைந்திருந்தன, தொடர்ந்து பிடித்தவர்களுக்கு அப்படிக் குறையவில்லை. அரசு கிளினிக் கெசிஹாத்தானில் (சுகாதார நிலையத்தில்) புகை நிறுத்தும் பிரிவு இருக்கிறது. அண்ணனைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

வெற்றிலை பாக்கு? அதில் புகையிலை சேர்ப்பதில்லை.

நம் ஊரின் பெயரே பாக்கு. 'பினாங்' என்றால் மலாயில் கமுகு மரம். ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்: உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, பாக்கைப் புகையிலை சேர்க்காமலேயே முதல் பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான பட்டியலில், 2003-இல் வைத்துவிட்டது. சிகரெட்டும் அதே பட்டியலில்தான்.

எனக்கு இது நேரடியாக என் தொழில் சம்பந்தப்பட்ட விஷயம். பாக்கில் இருக்கும் துவர்ப்புப் பொருள்கள் சும்மா இருந்தால் பெரிதாக எதுவும் செய்யாது. சுண்ணாம்பு சேர்ந்ததும் வாயில் காரத்தன்மை ஏறும், அவை ஆக்சிஜனோடு வினை புரிந்து ஃப்ரீ ராடிக்கல்களை உண்டாக்கும். கன்னத்துக்குள் அதக்கி வைத்திருக்கும் இடத்திலேயே, வருஷக்கணக்காக. சிலருக்குக் கன்னச் சதை நார் நாராக இறுகி, வாயைத் திறக்கவே முடியாமல் போகும். அது புற்றுநோய்க்கு முந்தைய நிலை. மலேசியாவில் வாய்ப் புற்றுநோய் மற்ற இனப் பெண்களைவிட இந்தியப் பெண்களுக்கு அதிகம். ரப்பர் தோட்டத்துப் பாட்டிகளின் பழக்கத்தைக் கேலி செய்ய நான் வரவில்லை. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து பால் மரம் வெட்டியவர்களுக்கு அது பசியையும் அசதியையும் மறக்க வைத்தது. பேத்திகளுக்கு அந்தத் தேவை இல்லை. தாம்பூலத் தட்டில் வையுங்கள், வாயில் வேண்டாம்.

பாயான் லெப்பாஸில் ஃபேக்டரியில் இரவு ஷிப்ட் வேலை. ஆபத்தா?

இரவு ஷிப்ட் வேலையை அதே புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2007-இலும், மறுபடி 2019-இலும் 'அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்ற பிரிவில் வைத்தது. பாக்கு இருக்கும் பட்டியலுக்கு ஒரு படி கீழே. இருட்டில் சுரக்க வேண்டிய மெலடோனின் வெளிச்சத்தால் குறைவது, உடம்பின் கடிகாரம் தடுமாறுவது என்று காரணங்கள் சொல்கிறார்கள். பல வருஷம் செய்தவர்களுக்குத்தான் கவலை, போன மாதம் சேர்ந்தவருக்கு இல்லை. சம்பளத்தை விட்டுவிடச் சொல்லும் நிலையில் நான் இல்லை. பகலில் தூங்கும் அறையைக் கெட்டியான திரை போட்டு இருட்டாக்குங்கள், வயதுக்குரிய பரிசோதனைகளைத் தவறவிடாதீர்கள்.

ஆக்சிஜன் சேதம்தான் பிரச்சினை என்றால், ஆண்டி-ஆக்சிடண்ட் மாத்திரை சாப்பிட்டால் போதாதா? எங்கள் வீட்டுக்கு ஒரு அக்கா வந்து ஒரு பாட்டில் 280 வெள்ளி (ரிங்கிட்) என்கிறார்.

நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. உலகமே அப்படி நினைத்துத்தான் கோடிக்கணக்கில் செலவழித்துச் சோதித்துப் பார்த்தது.

பின்லாந்தில் 29,133 ஆண்கள், எல்லோரும் புகைப்பவர்கள். அவர்களில் பாதிப் பேருக்குக் கேரட்டுக்கு நிறம் கொடுக்கும் பீட்டா-கரோட்டினை மாத்திரையாகக் கொடுத்தார்கள். 1994-இல் முடிவு வந்தது: மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம். குறைவு இல்லை, அதிகம். அமெரிக்காவில் நடந்த இதே மாதிரி சோதனையில் 28 சதவீதம் அதிகம் என்று தெரிந்ததும் 1996-இல் பாதியில் நிறுத்திவிட்டார்கள். "சரி, வைட்டமின் ஈ வேறு கதை" என்று 35,533 ஆண்களை வைத்துச் சோதித்தார்கள். 2011-இல் பார்த்தால் வைட்டமின் ஈ மட்டும் சாப்பிட்ட பிரிவினருக்குப் புரோஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் அதிகம்.

ஏன் இப்படி? ஒரு விளக்கம் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. புற்று செல் தாறுமாறாக வளர்வதால் அதற்குள்ளேயே ஆக்சிஜன் சேதம் அதிகம். அதனாலேயே பல புற்று செல்கள் செத்தும் போகின்றன. நாம் கொடுக்கும் மாத்திரை நல்ல செல்லைக் காப்பாற்றுவதோடு அவற்றையும் காப்பாற்றிவிடுகிறது. 2014-இல் ஸ்வீடனில், ஏற்கெனவே நுரையீரலில் கட்டி தொடங்கியிருந்த எலிகளுக்கு வைட்டமின் ஈ கொடுத்தபோது கட்டி இன்னும் வேகமாக வளர்ந்தது. தீயணைப்பு வண்டி கொள்ளைக்காரன் வீட்டுத் தீயையும் சேர்த்து அணைத்துவிடும்.

280 வெள்ளிக்குப் பாசாரில் எவ்வளவு கீரை வாங்கலாம் என்று அந்த அக்காவிடம் கேளுங்கள். வாங்கியே தீருவேன் என்றால், பாட்டிலில் 'எம்.ஏ.எல்.' என்று தொடங்கும் சுகாதார அமைச்சின் பதிவு எண் இருக்கிறதா என்றாவது பாருங்கள். அந்த எண், மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பில் பதிவானது என்று மட்டும் காட்டும். புற்றுநோயைத் தடுக்கும் என்பதற்கு அது சான்று கிடையாது.

செம்பனை எண்ணெயின் வைட்டமின் ஈ நல்லது என்று நம் நாட்டு விஞ்ஞானிகளே சொல்கிறார்களே?

டோகோட்ரையினால் என்ற வகை. ஆய்வுக்கூடச் செல்களிலும் எலிகளிலும் நல்ல பலன் தெரிந்தது உண்மை. மலேசியாவில் மார்பகப் புற்றுநோய்ப் பெண்கள் 240 பேரில் ஒரு பிரிவினருக்கு வழக்கமான மருந்தோடு சேர்த்துக் கொடுத்து ஐந்து ஆண்டுகள் பார்த்தார்கள். 2010-இல் வந்த முடிவில் நிச்சயமாகச் சொல்லும்படியான வித்தியாசம் எதுவும் இல்லை. எனக்கும் வருத்தம்தான்.

மஞ்சள்?

ரசத்தில் போடுங்கள். மஞ்சளின் குர்குமின் குடலிலிருந்து ரத்தத்துக்குப் போவதே கொஞ்சம்தான். மிளகு சேர்ந்தால் பல மடங்கு கூடும் என்று 1998-இல் பெங்களூரில் காட்டினார்கள். அதையே காரணம் காட்டிச் செறிவான மாத்திரையாக விழுங்கிய சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டிருக்கிறது. ரசம் குடித்து யாருக்கும் அப்படி ஆனதாகக் கேள்விப்படவில்லை.

அக்காவுக்கு ரேடியேஷன் நடக்கிறது. சத்துக்காக வைட்டமின் கொடுக்கலாமா?

அவரைப் பார்க்கும் டாக்டரிடம் கேட்காமல் ஒன்றும் கொடுக்காதீர்கள். கதிர்வீச்சு பெரும்பாலும் செல்லுக்குள் இருக்கும் தண்ணீரை உடைத்து, ஃப்ரீ ராடிக்கல் உண்டாக்கித்தான் புற்று செல்லின் டி.என்.ஏ.வை அறுக்கிறது. நான் எண்ணும் அதே வால்மீன் வால்தான். அந்த நேரத்தில் ஆண்டி-ஆக்சிடண்ட் மாத்திரையைக் கொட்டுவது, போலீஸ் சுடும்போது திருடனுக்குக் கவசம் மாட்டுவது மாதிரி. சாப்பாட்டில் வரும் பழம், காய்க்கு இந்தப் பயம் தேவையில்லை. ஏற்கெனவே ரகசியமாகக் கொடுத்துக்கொண்டிருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள்.

உடற்பயிற்சியிலும் ஃப்ரீ ராடிக்கல் வரும் என்று படித்தேன். நடக்கலாமா, கூடாதா?

நடங்கள். வருவது உண்மைதான், ஆனால் அந்தச் சின்ன அதிர்ச்சியைப் பார்த்துத்தான் உடம்பு தன் தற்காப்பைப் பலப்படுத்துகிறது. 2009-இல் ஜெர்மனியில் பயிற்சி செய்தவர்களுக்கு வைட்டமின் சி-யும் ஈ-யும் கொடுத்தபோது, இன்சுலின் நன்றாக வேலை செய்யும் பலன் வராமலே போனது. தண்ணீர்மலை முருகன் கோயில் படி ஏறினால் மூச்சு வாங்கும், அந்த மூச்சு நல்லது.

ரத்தப் பரிசோதனையில் என் ஆக்சிஜன் சேத அளவைப் பார்த்துச் சொல்வார்களாமே?

விற்கிறார்கள். நானே அளப்பவள், எனவே சொல்கிறேன்: முந்தைய நாள் பந்து விளையாடினாலும், சளி பிடித்தாலும், சிகரெட் பிடித்தாலும் எண் மாறும். நூறு பேர் கூட்டத்தை இன்னொரு நூறு பேரோடு ஒப்பிட அது உதவும். தனி ஒருவருக்குப் புற்றுநோய் வருமா என்று சொல்ல உதவாது.

கவலையில் முடி நரைக்கும் என்பதாவது உண்மையா?

எலியில் உண்மை. 2020-இல் ஹார்வர்டில் காட்டினார்கள். கண்ணாடி பார்த்து வரும் கவலைக்கு என்ன வழி என்று அவர்கள் சொல்லவில்லை.

அப்படியானால் தியானம், யோகா, கோயில் எல்லாம் வீணா?

யார் சொன்னது? தூக்கம் வரும், ரத்த அழுத்தம் இறங்கும், சிகரெட்டை விடத் தெம்பு வரும், சிகிச்சையில் இருப்பவருக்கு நாள் நகரும். இவ்வளவு போதாதா? நானும் வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகிறவள்தான். "தியானம் செய்தால் புற்றுநோய் வராது" என்று யாராவது சொல்லும்போதுதான் எனக்குச் சங்கடம். வந்தவரைப் பார்த்து "நீ சரியாகத் தியானம் செய்யவில்லை" என்று சொல்வதற்கு அங்கிருந்து ஓரடிதான் தூரம்.

பயமாக இருக்கிறது. டெஸ்ட் எடுத்து ஏதாவது இருக்கிறது என்று தெரிந்தால் அந்தக் கவலையே என்னைக் கொன்றுவிடாதா?

கொல்லாது. இந்த நாட்டில் கொல்வது தாமதம். தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டில் 2012 முதல் 2016 வரை 1,15,238 பேர். அவர்களில் நூற்றுக்கு அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் மூன்றாம், நான்காம் கட்டத்தில்தான் கண்டுபிடிக்கப்பட்டார்கள். என் பெரியம்மாவும் மூன்றாம் கட்டம். கட்டி தட்டுப்பட்டு ஒன்றரை வருஷம் யாரிடமும் சொல்லவில்லை. முதலில் பேரன் பிறந்தநாள், அப்புறம் தைப்பூசம், அப்புறம் வீட்டுக்குப் பெயிண்ட்.

கிளினிக் கெசிஹாத்தானில் நமக்கு ஒரு வெள்ளிதான் கட்டணம். 50 வயதானால் மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருக்கிறதா என்று பார்க்கச் சின்ன டப்பா தருவார்கள், வீட்டிலேயே எடுத்து வரலாம். கருப்பை வாய்ப் பரிசோதனைக்கு நீங்களே மாதிரி எடுக்கும் வசதியும் வந்துவிட்டது. மார்பில் கட்டியோ தோல் சுருக்கமோ இருந்தால் நர்ஸிடம் அதை முதலில் சொல்லுங்கள், நீரிழிவு மாத்திரை வாங்கும் வரிசையில் கடைசியாகச் சொல்லாதீர்கள். வெற்றிலை போட்டவர்கள் அரசுப் பல் கிளினிக்கில் வாயைத் திறந்து காட்டினால் போதும்.

பெரியம்மாவின் மூத்தவள், எனக்கு அக்கா முறை, போன வருஷம் மேமோகிராம் எடுக்கப் போனபோது கூட வரச் சொன்னாள். வெளியே நாற்காலியில் காத்திருந்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தவள், "ஒன்றும் இல்லையாம்" என்றாள். அப்புறம் இரண்டு பேரும் போய்ப் பசியாறினோம்.